பாய் மறையும்வரை பெருக்காத வீடு

இன்று காலை வாரியலை எடுத்து வீட்டைப் பெருக்கினேன். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எல்லா வீட்டிலும் தினமும் நடக்கிற காரியம்தானே. எங்கள் வீட்டில் அது நடந்து வெகுநாளாகிவிட்டது. தூத்துக்குடியில் வீட்டுக்குள் வருகிற மண் வெறும் மண் அல்ல. உப்பளப் பக்கமிருந்து வரும் காற்றின் பிசுபிசுப்பு, துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நாட்களின் கறுப்பு, லாரிகள் கிளப்பிவிடும் புழுதி எல்லாம் சேர்ந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். முதல் இழுப்பில் அது கிளம்பியபோது ஈரச்சாக்கும் உப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டேன். அம்மா பெருக்கும்போது வருகிற வாசனை அது.

இத்தனை நாள் ஏன் பெருக்கவில்லை என்றால், சோம்பல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். சோம்பலும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். உண்மையான காரணம் என் மகள் ஸ்டெல்லா. கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறாள். நடுவில் சில நாட்கள் அவளுடைய கப்பல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போது தெரியும்.

என் அப்பா தோணியில் தண்டலாக இருந்தார். தோணியின் தலைவரை நாங்கள் தண்டல் என்போம். மூன்று பாய் விரித்த பெரிய மரத்தோணி. இங்கிருந்து வெங்காயமும் வற்றலும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும். ஒரு முறை போய்த் திரும்புவதற்கு ‘நடை’ என்று பெயர். கடலில் எங்கே நடக்க முடியும் என்று நான் சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அப்பா எங்கே என்று கேட்டால், ‘நடை போயிருக்காவ டீச்சர்’ என்பேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே பதில்தான்.

அப்பா நடை கிளம்பும் நாளில் எங்கள் வீட்டில் வாரியல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். அவர் படியிறங்கின நேரத்திலிருந்து தோணியின் பாய் கடல் விளிம்பில் மறைகிறவரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது. இலைத்துணுக்கு கிடந்தாலும் காலால்கூட ஒதுக்கக் கூடாது. பாய் மறைந்ததா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அப்போது கடல் தெரியும். பழைய துறைமுகத்திலிருந்து தோணி மெல்ல வெளியேறி, முயல் தீவைத் தாண்டி, பாய் விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும். அம்மா மேலே வரமாட்டாள். போகிறவரின் முதுகை மனைவி பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். கீழே அடுக்களையில், எங்கள் சொல்லில் குசினியில், இருந்துகொண்டே குரல் கொடுப்பாள்.

“ஏளா, பாய் தெரியுதா?”

“தெரியுதும்மா.”

கொஞ்சம் கழித்து மறுபடி, “இப்பம்?”

“பொட்டு மாதிரி நிக்கும்மா.”

“பொட்டா, காக்காவா? நல்லா பாத்துச் சொல்லு.”

இதுதான் கஷ்டம். வெயிலில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் கடைசியில் எது பாய், எது கடல்காக்கை, எது நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கிற புள்ளி என்று தெரியாது. இருக்கிறது என்று நினைத்தால் இருக்கும். இமை தட்டினால் இல்லை. மறுபடி இருக்கும். கடைசியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வெறும் கடலாக இருக்கும் ஒரு கணம் வரும். அப்போது மாடிப்படியில் எட்டிப் பார்த்து, ‘மறைஞ்சிட்டும்மா’ என்று கத்துவேன். உடனே கீழே சரக் சரக்கென்று சத்தம் கேட்கும். அம்மா பெருக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதோடு வீட்டில் எல்லாம் தொடங்கும். உலை ஏறும், எனக்குத் தலையில் எண்ணெய் வைக்கப்படும், பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். பாய் மறைகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் மட்டுமல்ல, வீடே அப்படித்தான் இருந்தது.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும். தோணிகள் கரையில் கிடக்கும், அப்பா வீட்டில் கிடப்பார். அந்த மாதங்களில் எங்கள் தரை கண்ணாடி மாதிரி மின்னும். தடையில்லாத மகிழ்ச்சியில் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை பெருக்குவாள் என்று சொல்ல முடியாது. அப்பா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, ‘கடலே தேவல’ என்பார்.

அவர் நடை முடிந்து வரும்போது வெங்காய வாசனையோடு வருவார். வெங்காயத்தோடு தோணிக்கட்டைக்குப் பூசுகிற குங்கிலியமும் கொஞ்சம். எனக்குப் பயணம் என்றால் இன்றுவரை மூக்கில் வருவது அதுதான். விமான நிலையத்தில் எல்லோரும் செண்ட் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள், என் மூக்கு மட்டும் வெங்காயத்தைத் தேடுகிறது. பெட்டியைத் திறந்தால் எனக்கு ஒரு பூப்போட்ட லேஞ்சி இருக்கும். கைக்குட்டையை எங்கள் பக்கத்தில் லேஞ்சி என்போம், போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல் என்பார்கள். அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தானே, சொல்லை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கடலில் அத்தனை தைரியமாக இருந்த அப்பாவுக்குப் பஸ் என்றால் பயம். வருஷத்துக்கு ஒரு தடவை சிலுவைத் திருநாளுக்கு மணப்பாட்டுக்குப் போவோம், அம்மாவின் ஊர் அது. அப்பா டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். திருச்செந்தூர் தாண்டுகிறவரை கையை எடுக்கமாட்டார். எதிரே லாரி வந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். ஒருமுறை பொறுக்க முடியாமல், ‘ஏலே, வலத்த விட்டுப் பிடி’ என்று சொல்லிவிட்டார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, ‘அண்ணாச்சி, இது தோணி இல்ல. சீட்டப் பிடிச்சிட்டு இரியும்’ என்றார். பஸ்ஸே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். மணப்பாட்டுக்கு அப்பால் அவள் எங்கும் போனதில்லை. அந்தத் தூரத்துக்கே வாந்தி வரும். ஆனாலும் எங்கள் வீட்டில் பயணத்துக்கான சட்டம் முழுவதையும் போட்டவள் அவள்தான்.

அவளுடைய சட்டங்களில் இன்னொன்று பயணம் சொல்லுதல். எங்கே போவதானாலும் போவதற்கு முன்பு சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ச் சொல்லவேண்டும். சொல்கிறவர், ‘பயணம் சொல்ல வந்தேன்’ என்று மட்டும் சொல்லவேண்டும். கேட்கிறவர் எங்கே, எப்போது திரும்புவாய் என்று கேட்கக் கூடாது. உள்ளே போய் ஒரு சிட்டிகை சீனி கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்து, ‘மாதா கூட வருவா’ என்பார்கள். அவ்வளவுதான். அப்பா நடை போகும் முன் இப்படி ஏழெட்டு வீட்டுச் சீனியைத் தின்றுவிட்டு, நாக்கு இனித்துப்போய் நிற்பார். திரும்பி வந்தால் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. வெங்காய வாசனை சொல்லிவிடும்.

படிப்பு முடிந்ததும் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என்னென்னவோ ஊர்களின் பெயர்களை நாள் முழுக்கத் தட்டெழுதுவேன். என் விரல்கள் ராட்டர்டாமுக்கும் பூசானுக்கும் போய்க்கொண்டிருந்தன, நான் வீட்டுக்கும் ஆபீசுக்கும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மாலுமிகள் எங்கள் ஆபீசுக்கு வந்து முதலில் கேட்பது டெலிபோன் பூத் எங்கே என்றுதான். ஒருநாள் பர்மாக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் எதிர்த் தெரு பூத்தில் விட்டேன். அப்போது எனக்கு இருபதைச் சுற்றி வயது, அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். வாய் அசையவே இல்லை. லைன் கிடைக்கவில்லையா என்று சைகையில் கேட்டேன். கிடைத்துவிட்டது என்று தலையாட்டினார். அந்தப் பக்கம் யாரோ அழுதுகொண்டிருந்திருக்க வேண்டும், அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு ஆபீசுக்குத் திரும்ப நேரமாகிறதே என்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் அழுதவளைப் பற்றி இப்போதுதான் யோசிக்கிறேன். அவள் அன்று வீட்டைப் பெருக்கினாளோ என்னவோ.

அம்மாவின் வாரியல் சட்டத்துக்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரிந்தது அப்பா இறந்தபோதுதான். கடலில் அல்ல. பாய்த்தோணிகள் இன்ஜின் தோணிகளான பிறகு, வேலையை விட்டு, வீட்டுக் கட்டிலில் சாதாரணமாக இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மாதா கோயிலுக்குக் கிளம்பியதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் வாளியில் தண்ணீரும் வாரியலுமாக உள்ளே வந்துவிட்டார்கள். இறந்தவர் படியிறங்கின உடனே வீட்டைக் கழுவிவிட வேண்டும். ஊர் வழக்கம் அதுதான். அதாவது போனவர் திரும்பமாட்டார் என்று தெரிந்தால் உடனே பெருக்கலாம். திரும்பி வரவேண்டியவர் போனால் உடனே பெருக்கக் கூடாது. இத்தனை வருஷம் அவள் எதற்குப் பயந்து வாரியலை ஒளித்து வைத்தாள் என்பது அந்த வாளிகளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அம்மா எழுந்து வாசலை மறித்து நின்றாள். வாளியைக் கீழே வைக்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “மாடிக்குப் போளா” என்றாள்.

மேலே போய் நின்றேன். தெருவில் சிலுவை முன்னால் போக, பெட்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. கீழேயிருந்து குரல் வந்தது.

“முக்கு திரும்பிட்டாவளா?”

“இல்லம்மா. முக்குல நிக்காவ. தோள் மாத்துதாவ.”

“அப்பம் பொறு.”

நான் பொறுத்தேன். கீழே பெண்களும் வாளிகளோடு பொறுத்தார்கள். பெட்டி தெரு முக்கில் திரும்பியது. கடைசியாக யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை திரும்பியது. பழக்கத்தில் என் வாயிலிருந்து அதே சொல்தான் வந்தது, ‘மறைஞ்சிட்டும்மா.’ சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. யார் கையிலும் வாரியலைக் கொடுக்காமல் அவளே பெருக்கினாள்.

பல வருஷம் கழித்து அம்மா போனபோது நான் பெட்டியோடு நடந்துவிட்டேன். திரும்பி வந்தால் வீடு கழுவி, தரை காய்ந்து, எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்காக மாடியில் யாரும் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் கிரேன் ஓட்டுகிறார். அவர் போகும்போதெல்லாம் பஸ் தெருமுனை திரும்பியதும் பெருக்கிவிடுவேன். அது பழகிவிட்டது. ஸ்டெல்லா நாட்டிகல் படிப்பு முடித்துக் கப்பலில் டெக் கேடட்டாகச் சேரப்போகிறேன் என்றாள். எங்கள் குடும்பத்தில் கப்பலேறாத ஆணில்லை, கப்பலேறிய பெண்ணில்லை. கீழ்வீட்டு மெர்சி அக்கா, ‘ஏளா, பொம்பளப்பிள்ளைய கடலுக்கு அனுப்பிட்டு நீ இங்க என்ன செய்யப்போற?’ என்று கேட்டாள். அதற்கு ஸ்டெல்லாவே பதில் சொன்னாள், ‘எங்க தாத்தா கடலுக்குப் போகையில எங்க ஆச்சி என்ன செஞ்சாங்களோ அதைத்தான் பெரியம்மா.’ வாயாடி. அப்படியே அவள் தாத்தா. நான் சொல்லிக்கொடுத்தபடி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னாள். மெர்சி அக்கா, திட்டிக்கொண்டே, சிட்டிகை கணக்கு தெரியாமல் ஒரு கை நிறைய சீனியைக் கொண்டுவந்து கொட்டினாள்.

ஸ்டேஷனில் சென்னை வண்டி கிளம்புவதற்கு முன்பு என் போனை வாங்கி அதில் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள். உலகத்திலுள்ள கப்பல்களெல்லாம் நீலத் திரையில் சின்னச் சின்ன அம்புக்குறிகளாக நகர்ந்துகொண்டிருந்தன. “என் கப்பல் பேரை இதுல போட்டா அம்பு காட்டும். அந்த அம்புதான் நான்ம்மா. ரயிலுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, பிளேனுக்குத் தனியா ஒண்ணு. நான் எங்கன இருந்தாலும் நீ பாக்கலாம்.” எனக்காக அவள் கண்டுபிடித்த ஆறுதல் அது. வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தெரிகிறவரை நின்றேன். அது மறைந்தது. வீட்டுக்கு வந்து வாரியலை எடுத்தவள், எதற்கும் என்று போனைப் பார்த்தேன். வண்டி வாஞ்சி மணியாச்சியில் நின்றுகொண்டிருந்தது. அதாவது இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

வாரியலை வைத்துவிட்டேன். வண்டி சென்னை சேரட்டும் என்று இருந்தேன். சேர்ந்தது. அப்புறம் விமானம் தெரிந்தது, கடலுக்கு மேலே ஒரு குட்டி விமானப் படம். அது சிங்கப்பூரில் இறங்கியது. அங்கே கப்பலின் அம்பு தெரிந்தது. அம்மாவின் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. போனவர்கள் மறைவார்கள் என்று நம்பிப் போட்ட சட்டம் அது. என் மகள் மறையவே இல்லை. சோறு பொங்கும்போதும் பூசை நேரத்திலும்கூட மடியில் அந்த அம்பு இருந்தது. கரை தூரமானால் அம்பு அப்படியே அசையாமல் நிற்கும், பயப்படாதே என்று சொல்லியிருந்தாள். நின்றால் நானும் அதோடு நிற்பேன். நகர்ந்தால்தான் அடுத்த வாய் இறங்கும். வீட்டில் மண் சேர்ந்தது.

மெர்சி அக்கா ஒருநாள் ஏதோ வாங்க மேலே வந்தவள், காலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள்.

“என்னளா இது, வீட்டுக்குள்ள உப்பளம் போடப்போறியா?”

விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்க அம்மா பாய் மறையுற வரைக்கும்தான் இருந்தா. நீ பிள்ள கிழவியாகுற வரைக்கும் இருப்ப போலிருக்க. எந்திரிச்சுத் தூத்துளா” என்றாள். சரியான பேச்சுதான். நானும் படித்தவள்தானே, இத்தனை வருஷம் ஆபீசில் வேலை பார்த்தவள். அவள் போனதும் எழுந்து கூடத்தைப் பெருக்கினேன். குப்பையை முறத்தில் அள்ளி ஓரமாக வைத்துவிட்டுக் கைகழுவி வந்து போனைத் திறந்தேன்.

அம்பு இல்லை.

கப்பலின் பெயரை மறுபடி போட்டேன். எழுத்தை மாற்றிப் போட்டேனோ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். சுற்றிலும் கடல் மட்டும் நீலமாக இருந்தது. கப்பல் செங்கடல் பக்கம் போகப்போகிறது என்று முந்தின தடவை கூப்பிட்டபோது சொல்லியிருந்தாள். அங்கே கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று அந்தக் கடலின் பெயர் டிவிச் செய்தியில் வந்தாலே நான் எழுந்துபோய் நிறுத்திவிடுவேன். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

இனிமேல் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்கே இப்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நான் ஓரமாக வைத்திருந்த முறத்தை எடுத்தேன். அதிலிருந்த மண்ணைக் கூடத்தில் திரும்பக் கொட்டினேன். கொட்டியதோடு விடாமல் கையால் பரப்பினேன். முன்பு எங்கெங்கே எப்படிக் கிடந்ததோ அப்படியே, மூலையில் கொஞ்சம் கூடுதலாக, நாற்காலிக் காலடியில் கொஞ்சம், அவளுடைய அறை வாசலில் கொஞ்சம். மண்டியிட்டுக்கொண்டு கவனமாகச் செய்தேன். நான் பெருக்கியதால்தான் அம்பு போனது, மண்ணைத் திருப்பி வைத்தால் வந்துவிடும் என்று அந்த நேரத்தில் நான் முழுசாக நம்பினேன். பரப்பி முடித்து, மண் கையோடு போனைத் தொட்டுப் பார்த்தேன். வரவில்லை.

கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். அந்தப் பகுதியைக் கடக்கும்போது பாதுகாப்புக்காகச் சில கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை வெளியே காட்டாமல் அணைத்து வைப்பது உண்டு என்றும், நெட்டும் கிடைக்காது என்றும், கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்காரர் தம்மாமிலிருந்து கூப்பிட்டு அதையே சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை. நான் மண்ணை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து குசினிக்கும் கட்டிலுக்கும் போய்க்கொண்டிருந்தேன். அதைக் கலைத்துவிடக் கூடாது. மெர்சி அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். தரையைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. அவளும் சுவரோரமாகவே நடந்துவந்து கஞ்சியைத் தந்தாள். அந்த நாட்களில் என்னோடு யாரும் பேசியதில் எதுவும் நினைவில்லை. அவள் அப்படி நடந்துவந்தது நினைவிருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு முடிவும் எடுத்திருந்தேன். அவள் கூப்பிட்டதும் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். போதும், அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்துவிடு, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், அம்மாவால் முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தயாராக இருந்தது.

நேற்று மத்தியானம் கூப்பிட்டாள். ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டியிருக்கிறார்கள். பின்னால் இரும்புச் சத்தம்.

“ம்மா, எப்டி இருக்க? பயந்துட்டியா? எல்லாத்தையும் அணைச்சு வைக்கச் சொல்லிட்டாங்கம்மா. முன்னாடியே சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

நான் ரிசீவரைப் பிடித்த பர்மாக்காரர் மாதிரி நின்றேன், போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாய் அசையாமல். இந்த முறை அழுதது இந்தப் பக்கம். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகப் பேச்சை மாற்றினாள். சுக்கான் பிடிக்கக் கொடுத்தார்களாம். சீஃப் ஆபீசர் பக்கத்தில் நின்றாராம். இவ்வளவு பெரிய கப்பல் தன் கைக்குத் திரும்பியதும் தாத்தா மணப்பாட்டு பஸ்ஸில் சாய்ந்து உட்காருவாரே, அந்தக் கதைதான் ஞாபகம் வந்ததாம், தானும் அப்படியே சாய்ந்தாளாம். சிரித்தாள். நான் தயாராக வைத்திருந்தது வாய்வரை வந்துவிட்டது.

“நாளைக்குக் காலையில கிளம்புறோம்” என்றாள். “பயணம் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

பயணம் சொன்னவரிடம் எங்கே, எப்போது என்று கேட்கக் கூடாது. போகாதே என்று சொல்லலாமா என்பதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒரு பதில் இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. நான் குசினிக்குள் போனேன். சீனி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, கொடுக்க ஆளில்லாததால் என் வாயிலேயே போட்டுக்கொண்டேன்.

“சரிளா,” என்றேன். “மாதா கூட வருவா.”

இன்று காலை போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். இப்போது அங்கிருந்து கடல் தெரிவதில்லை. முன்னால் ஒரு அடுக்குமாடி, அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், அதற்கும் மேல் ஒரு செல்போன் கோபுரம். பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் உண்டு. பாய் விரித்துப் போவது ஒன்றுகூட இல்லை. கைப்பிடிச் சுவரில் போனை வைத்தேன். அம்பு இருந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தின் வாயிலிருந்து நகர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. வழக்கமாக அது ஓரத்துக்குப் போகப்போக நான் விரலால் திரையை இழுத்து நடுவில் கொண்டுவந்துவிடுவேன். இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான். இன்று இழுக்கவில்லை. திரை அணைந்துவிடாமல் அவ்வப்போது ஓரமாகத் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றேன். வெயில் ஏறியது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அம்பு விளிம்புக்குப் போனது. பாதி தெரிந்தது. முனை போய் வால் மட்டும் நின்றது. அப்புறம் வெறும் நீலம்.

மாடிப்படியில் வந்து நின்று, “மறைஞ்சிட்டும்மா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

நின்று கேட்டேன். பாய் போனது, கடல் மறைந்தது, வெங்காய வாசனை போனது, பூத்துகளும் போயின. அவற்றோடெல்லாம் எப்படியோ இருந்துவிட்டேன். கீழே குசினியிலிருந்து, நல்லா பாத்தியா, பொட்டா காக்காவா என்று கேட்கும் குரல் மட்டும் ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

இறங்கிப்போய், கதவுக்குப் பின்னாலிருந்த வாரியலை எடுத்தேன்.